அட்டவணையில் மனம் இல்லை

கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. ஒரு கண் பறிபோய் மற்றது நன்றாக இருந்தால் 40. இரண்டு கைகளும் போய்விட்டால் 100.

1923-இல் வெள்ளையர் ஆட்சியில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை இப்படி விரல் விரலாக, மூட்டு மூட்டாக எழுதப்பட்டிருந்தது. வேலையில் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறையும் என்பதற்கான கணக்கு அது. அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்கள் வந்தன. ஈய நச்சு, பாதரச நச்சு, கல்நார்த் தூசி நோய், சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு எல்லாம் அதில் இருந்தன. இரண்டு அட்டவணைகளையும் எத்தனை முறை புரட்டினாலும் மனம் என்ற ஒன்று தொழிலாளிக்கு இருப்பதற்கான அடையாளம் தென்படாது.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடக்கிறது. பக்கத்து அறையில் இருந்த பெண் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் தப்பிவிடுகிறார். ஆனால், பல வருடங்கள் கூடவே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் எரிவதைப் பார்த்துவிட்டார். மருந்து நெடி அடித்தாலே கை நடுங்குகிறது, தூக்கம் வருவதில்லை, ஆலைப் பக்கம் கால் போக மறுக்கிறது. அவருடைய கூலி நின்றுபோனது உண்மை. நின்றதற்குக் காரணம் வேலையில் நடந்த விபத்து என்பதும் உண்மை. அட்டவணைப்படி அவருடைய இழப்பு பூஜ்யம்.

உடலில் காயமில்லாமல் மனம் மட்டும் முறிந்தால் இழப்பீடு உண்டா என்ற கேள்வியை உலகின் பல நாடுகள் முன்பே எதிர்கொண்டுவிட்டன. சில நாடுகள் துணிந்து முன்னே போயின. சில நாடுகள் போய்விட்டு இப்போது பின்வாங்குகின்றன. எங்கே எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தொழிலாளிக்கு நியாயம் கிடைத்திருக்கிறது, அல்லது கிடைக்காமல் போயிருக்கிறது.

அறுந்த சாரமும் ஓயாத பட்டையும்

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் ஓர் உயரமான கட்டடம். தொங்குசாரத்தில் பெய்லி என்ற இரும்பு வேலைக்காரரும் இன்னொருவரும் நின்றிருந்தார்கள். சாரத்தின் ஒரு பக்கம் இறங்கியது. உடனிருந்தவர் கீழே விழுந்து இறந்தார். பெய்லி கம்பிவடத்தில் சிக்கி, பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் எறியப்பட்டுப் பிழைத்தார். காயங்கள் சிறியவை, ஆறிவிட்டன. திரும்ப வேலைக்குப் போனவரால் உயரத்தில் நிற்க முடியவில்லை. உடம்பு அப்படியே உறைந்துபோனது.

'உடலின் கட்டமைப்புக்கு ஏற்படும் சேதமே காயம்' என்றது அம்மாநிலச் சட்டம். எலும்பும் தசையும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. 1955-இல் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் பெய்லி பக்கம் நின்றது. உடலின் கட்டமைப்பு என்பது எலும்புக்கூடு மட்டுமல்ல. ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் முழு உடலும்தான். அந்த இயக்கம் குலைந்தால் அதுவும் காயமே என்று தீர்ப்பளித்தது.

பெய்லிக்காவது ஒரு விபத்து இருந்தது. டெட்ராய்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலை பார்த்த கார்ட்டருக்கு அதுவும் இல்லை. பக்கத்து மேசையிலிருந்து சக்கரக் குடங்களை எடுத்துப் பிசிறு நீக்கி ஓடும் பட்டையில் வைப்பது அவர் வேலை. ஒவ்வொன்றாக எடுத்தால் பின்தங்கிப் போவார், மேற்பார்வையாளர் திட்டுவார். இரண்டிரண்டாக எடுத்தால் பாகங்கள் மாறிப்போகும், அதற்கும் திட்டு. எப்படிச் செய்தாலும் தப்பு. 1956 அக்டோபரில் ஒருநாள் அவர் மனம் முறிந்துவிட்டது. 1960-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு உண்டு என்று சொன்னபோது, உடலில் ஒரு கீறலும் இல்லாமல், ஒரேயொரு பெரிய சம்பவமும் இல்லாமல், அன்றாட வேலையின் நெருக்கடியே காயமாக ஏற்கப்பட்டது.

அமெரிக்க வழக்கறிஞர்கள் இத்தகைய கோரிக்கைகளை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். உடல் காயம் மனநோயில் கொண்டுபோய் விடுவது ஒன்று. மன நெருக்கடி மாரடைப்பு போன்ற உடல் நோயாக முடிவது இரண்டாவது. மனதில் விழுந்த அடி மனநோயாகவே வெளிப்படுவது மூன்றாவது. முதல் இரண்டிலும் உடல் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது. சண்டையெல்லாம் மூன்றாவதில்தான்.

கலிஃபோர்னியா அந்த மூன்றாவது வகையையும் ஏற்கிறது, கடுமையான நிபந்தனைகளோடு. பொதுவாக ஆறு மாதமாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். மனநல மருத்துவ நூல் ஒப்புக்கொண்ட நோய் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். எல்லாக் காரணங்களையும் கூட்டிப் பார்த்தால் வேலையின் பங்கு பாதிக்கு மேல் இருக்க வேண்டும். வன்முறைக்கு ஆளானவர் என்றால் 35 விழுக்காடு போதும். நிறுவனம் நல்லெண்ணத்தோடு எடுத்த இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை போன்றவை கணக்கில் வராது.

'பாதிக்கு மேல்' என்ற அந்தச் சொல்லில்தான் தொழிலாளியின் அவதி தொடங்குகிறது. மனதின் துயரத்தை விழுக்காடாகப் பிரிக்கச் சொன்னால், மீதிப் பாதியைத் தேடிக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வீட்டுக்குள் வருவார். மணமுறிவு, கடன், பிள்ளையின் நோய், பதினெட்டு வயதில் வாங்கிய தூக்க மாத்திரை எல்லாம் விசாரணைப் பொருளாகும். கை போனவரிடம் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை.

ஃப்ளோரிடாவில் இன்னொரு விதம். 2016 ஜூன் 12 அன்று ஆர்லாண்டோவின் 'பல்ஸ்' கேளிக்கை விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சடலங்களுக்கு நடுவே மணிக்கணக்கில் நின்ற காவலர்களில் சிலர் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு, அதாவது பி.டி.எஸ்.டி.க்கு, ஆளானார்கள். உடலில் காயம் இல்லாததால் சம்பள இழப்பீடு தர அம்மாநிலச் சட்டத்தில் வழியில்லை. அந்த அநியாயம் வெளியே தெரிந்த பிறகு 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலர், தீயணைப்பு வீரர், அவசர மருத்துவ ஊழியர் ஆகியோருக்கு வழி பிறந்தது. அதே மாநிலத்தில் நெற்றியில் துப்பாக்கி வைத்து மிரட்டப்பட்ட கடைக் காசாளருக்கு அந்த வழி இல்லை. அதிர்ச்சி ஒன்றுதான், அணிந்திருக்கும் உடுப்பைப் பார்த்து இழப்பீடு கொடுப்பதை எந்த மருத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஜப்பான் மாற்றிக்கேட்ட கேள்வி

மன நெருக்கடிக்கான இழப்பீட்டை ஓர் அரசு நிர்வாகமாகவே கட்டியெழுப்பிய நாடு ஜப்பான். அதற்கு அந்நாடு கொடுத்த விலை கொடூரமானது.

1990 ஏப்ரலில் டென்ட்சூ என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் ஓர் இளைஞர் சேர்ந்தார். வேலை முடிய விடிந்துவிடும் நாள்கள் கூடிக்கொண்டே போயின. 1991 ஆகஸ்டில், 24 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். அன்றைய ஜப்பானில் தற்கொலை என்றாலே 'அவராகத் தேடிக்கொண்டது'. அரசின் விபத்துக் காப்பீட்டில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. பெற்றோர் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார்கள்.

1996-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சுமார் 12 கோடியே 60 லட்சம் யென் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அதில் 30 விழுக்காடு வெட்டப்பட்டது. எதையும் அரைகுறையாக விடாத அந்தப் பையனின் குணம் ஒரு காரணமாம். ஒரே வீட்டில் இருந்த பெற்றோர் கவனிக்கத் தவறியது இன்னொரு காரணமாம். மகனைப் பறிகொடுத்தவர்களிடமே பழியில் பங்கு கேட்ட தீர்ப்பு அது.

2000 மார்ச் 24 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் அந்த வெட்டை ரத்து செய்தது. தொழிலாளர்களின் குணம் பல வகைப்பட்டது. வழக்கமாகக் காணப்படும் அந்த வேறுபாடுகளின் எல்லைக்குள் ஒருவர் இருக்கும்வரை, அவர் குணத்தைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்றது. வேலைக்குப் போகும் வளர்ந்த மகனின் பணி நிலைமையைப் பெற்றோரால் மாற்றியிருக்க முடியாது என்றும் சொன்னது. களைப்பும் மனச்சுமையும் மிகுந்து ஊழியரின் உடலும் மனமும் கெடாமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று வகுத்தது. அந்த ஆண்டே ஏறத்தாழ 16 கோடியே 80 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது.

இதற்கிடையே 1999-இல் தொழிலாளர் அமைச்சகம் மனநோய்க் கோரிக்கைகளைத் தீர்மானிக்க விதிமுறை கொண்டுவந்தது. பின்னர் 2011-இல் அது விரிவாகத் திருத்தி எழுதப்பட்டது. அதன் நடைமுறை எளியது. மருத்துவர் உறுதி செய்த மனநோய் இருக்க வேண்டும். நோய் தொடங்குவதற்கு முந்தைய சுமார் ஆறு மாதங்களில் வேலையில் பலமான மனச்சுமை இருந்திருக்க வேண்டும். வேலைக்கு வெளியே உள்ள காரணங்களால் வந்த நோயாக இருக்கக் கூடாது.

'பலமான சுமை' எது என்பதற்கு அரசே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெரிய விபத்து, மேலதிகாரியின் தொடர்ந்த அவமதிப்பு, பாலியல் தொல்லை, வேலையின் அளவு திடீரென்று கூடுவது எனச் சம்பவங்கள் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் கடுமை, நடுத்தரம், லேசு என்று நிலை குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரே மாதத்தில் 160 மணி நேரம் ஓவர்டைம் பார்த்திருந்தால் வேறு எதுவும் காட்ட வேண்டாம். அது ஒன்றே 'கடுமை'. 2020-இல் மேலதிகாரியின் அதிகாரத் துன்புறுத்தல் தனித் தலைப்பானது. 2023-இல் வாடிக்கையாளரின் அத்துமீறலும் பட்டியலில் ஏறியது.

இந்தப் பட்டியலின் மதிப்பு அது கேட்கும் கேள்வியில் இருக்கிறது. இந்த ஆள் பலவீனமானவரா என்று அது கேட்பதில்லை. இதே வேலையில், இதே வயதிலும் அனுபவத்திலும் இருக்கும் தொழிலாளிக்கு இந்தச் சம்பவம் பொதுவாக எவ்வளவு பாரமாக இருக்கும் என்று கேட்கிறது. விசாரணையின் முகம் தொழிலாளியின் வீட்டிலிருந்து அலுவலகத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது.

அப்படித் திரும்பும்போது என்னென்ன வெளியே வரும் என்பதற்கும் டென்ட்சூவே சாட்சி. 2015 ஏப்ரலில் அங்கே சேர்ந்த இளம்பெண், அதே 24 வயதில், அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று உயிரை விட்டார். அவரே பதிவு செய்த நேரக் கணக்கில் அக்டோபர் மாத ஓவர்டைம் 69.9 மணி. நிறுவனத்துக்குள் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 70 மணி. அலுவலக வாயிலில் அட்டை தேய்த்த பதிவுகளைக் குடும்பத்தின் வழக்கறிஞர் கவாஹிதோ ஹிரோஷி எடுத்துக் கூட்டியபோது கணக்கு வேறாக இருந்தது. அக்டோபர் 9 முதல் ஒரு மாதத்தில் 105 மணி நேரம் ஓவர்டைம் என்று தொழிலாளர் ஆய்வு அலுவலகம் ஏற்றுக்கொண்டது. 2016 செப்டம்பரில் அந்த மரணம் வேலையால் நேர்ந்தது என்று அறிவிக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் பதவி விலகினார். எடுத்த வேலையை உயிர் போனாலும் விடாதே என்பது போன்ற, ஊழியர் கையேட்டில் பல்லாண்டுகளாக அச்சிட்டுவந்த பத்துக் கட்டளைகள் நீக்கப்பட்டன. 2017 அக்டோபரில் நீதிமன்றம் விதித்த அபராதம் 5 லட்சம் யென்.

அந்த அபராதத் தொகை வெட்கக்கேடானது என்று ஜப்பானியர்களே சொன்னார்கள். ஆனால், அந்த மரணம் சட்டத்தை அசைத்தது. 2019 ஏப்ரல் முதல் ஓவர்டைமுக்குச் சட்ட வரம்பு வந்தது. வேலை எவ்வளவு மிகுந்தாலும் மாதம் 100 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அதிக வேலையால் வரும் மாரடைப்பு மரணங்களை ஆராயும்போது ஆபத்தின் எல்லையாக அரசு வைத்திருப்பதும் மாதம் 100 மணிதான். ஆபத்தின் விளிம்புவரை சட்டப்படி போகலாம் என்ற இந்த ஏற்பாடு ஜப்பானின் தீராத குறை.

1999-ஆம் நிதியாண்டில் மனநோய்க்கு இழப்பீடு கேட்டவர்கள் 155 பேர். கிடைத்தது 14 பேருக்கு. 2024-இல் கேட்டவர்கள் 3,780 பேர். 1,055 பேருக்குக் கிடைத்தது. ஆயிரத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. காரணங்களில் முதலிடம் மேலதிகாரிகளின் துன்புறுத்தலுக்கு. ஏற்கப்பட்டவர்களுக்கு மருத்துவச் செலவு முழுதும், வேலைக்குப் போகாத நாள்களுக்குச் சம்பளத்தில் சுமார் 80 விழுக்காடும் அரசுக் காப்பீட்டிலிருந்து வருகிறது. அந்தக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுபவர்கள் முதலாளிகள் மட்டும்தான்.

பின்வாங்கும் ஆஸ்திரேலியா

செலவு கூடுகிறது என்ற வாதத்தையும் கேட்டாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2021–22-இல் கடுமையான பணியிடக் கோரிக்கைகளில் 9 விழுக்காடு மனநலம் சார்ந்தவை. எல்லாக் கோரிக்கையாளர்களையும் சேர்த்துப் பார்த்தால் இடைநிலையாக 8 வாரத்தில் வேலைக்குத் திரும்ப, மனநலக் கோரிக்கையாளர்களுக்கு 34 வாரங்களுக்கு மேல் ஆயிற்று. இழப்பீட்டின் இடைநிலைத் தொகையும் ஏறத்தாழ 15,700 டாலருக்கு எதிராக 58,600 டாலர்.

இந்தச் சுமையைச் சொல்லி விக்டோரியா மாநிலம் 2024 மார்ச் 31 முதல் கதவைப் பாதி சாத்தியது. வழக்கமான வேலையில் வரும் மன அழுத்தமும் சோர்வும் இனிமேல் பொதுவாகக் கோரிக்கைக்கு உரியவை அல்ல. நோய்க்கு முதன்மைக் காரணம் வேலையே என்று நிரூபிக்க வேண்டும். கோரமான சம்பவங்களை அன்றாடம் எதிர்கொள்ளும் பணிகளுக்கு மட்டும் விலக்கு.

இதே விக்டோரியாவில்தான், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளை நாள் முழுதும் படித்துப் படித்து நோயுற்ற ஓர் அரசு வழக்கறிஞர், 2022-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் வென்றார். வேலையின் தன்மையே ஆபத்தானது என்று தெரிந்திருக்கும்போது, ஊழியர் வந்து முறையிடட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

34 வாரம் என்ற அந்த நீளத்துக்கு நோய் மட்டும் காரணமில்லை. இழப்பீடு கேட்டு அலைவதன் நெருக்கடி, பிற்காலத்தில் மனநலம் மேலும் கெடுவதோடு தொடர்புடையது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. மறுபடி மறுபடி விசாரணை, வெவ்வேறு மருத்துவர்கள், பதில் வராத மாதங்கள். சந்தேகத்தோடு இழுத்தடித்து நோயை வளர்த்துவிட்டு, நோய் நீள்கிறது என்று கதவைச் சாத்துவது அறமல்ல.

புதிய வேலைகள் புதிய காயங்களையும் கொண்டுவருகின்றன. சமூக ஊடகத்தில் ஏறும் கொலை, சித்திரவதைக் காட்சிகளைப் பார்த்து நீக்கும் ஊழியர்களுக்கு, 2020-இல் அமெரிக்காவில் ஃபேஸ்புக் 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தலைக்குக் குறைந்தது 1,000 டாலர். நோய் உறுதியானவர்களுக்குக் கூடுதல். ஹைதராபாத் போன்ற நம் நகரங்களிலும் இதே வேலை நடக்கிறது. அந்த ஒப்பந்தப் பணம் இங்கே உள்ளவர்களுக்கு இல்லை.

இங்கே என்ன இருக்கிறது?

இந்தியத் தொழிலாளிக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தில் நீண்டகால நோய்களுக்கான பட்டியலில் மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு போன்றவை உண்டு. தகுதி உள்ளவருக்கு இரண்டாண்டு வரை சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். சாதாரண நோய் விடுப்புக்கு 70 விழுக்காடு. வேலையில் காயம்பட்டவருக்கோ 90 விழுக்காடு. மனநோயை எங்கிருந்தோ வந்த காய்ச்சல்போல நோய்க் கணக்கில் வைக்கிறார்கள். வேலை கொடுத்த காயம் என்று எழுத இடமில்லை. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர் பொதுவாக இந்தத் திட்டத்துக்குள்ளேயே வரமாட்டார்.

உச்ச நீதிமன்றம் ஒரு பக்கம் கதவைத் திறந்திருக்கிறது. டெல்லியிலிருந்து ஜார்க்கண்ட் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிப் போய், வழியில் மயங்கி இறந்த ஓட்டுநரின் குடும்பத்துக்கு 2012 டிசம்பரில் இழப்பீடு வழங்கச் சொன்னது. தொடர்ந்து லாரி ஓட்டிய நெருக்கடிக்கும் மரணத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றது. ஆனால், அங்கேயும் இதயம் நின்ற பிறகுதான் நெருக்கடிக்கு மதிப்பு வந்தது. அந்த ஓட்டுநர் உயிரோடு இருந்து, மனம் மட்டும் முறிந்திருந்தால் எந்த அட்டவணையைக் காட்டியிருப்பார்?

2024 ஜூலையில் புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தின் 26 வயது ஊழியர் இறந்தார். வேலைப்பளுதான் மகளைக் கொன்றது என்று தாய் எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அந்த அலுவலகம் 2007 முதல் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி பதிவே செய்யப்படாமல் நடந்துவந்தது ஆய்வில் தெரிந்தது. பதிவே இல்லாத இடத்தில் வேலை நேரத்தை எந்த ஆய்வாளர் எண்ணியிருக்க முடியும்?

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-இல் உலகம் முழுதும் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கணக்கிட்டன. அதே தொழிலாளர் அமைப்பு 2010-இலேயே தன் தொழில் நோய்ப் பட்டியலைத் திருத்தி, மனநோய்களுக்கென்று தனிப்பிரிவு சேர்த்தது. அதில் முதல் பெயர் பி.டி.எஸ்.டி. இந்தியா 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றி, உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரச் சொன்னது. மருத்துவமனைப் படுக்கையில் ஒப்புக்கொண்ட சமத்துவம் பணியிடத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. 1923 சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று எடுத்துக்கொண்டபோதும் தொழில் நோய் அட்டவணையில் மனநோய் சேரவில்லை. நூறாண்டுக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு அது, தவறவிட்டார்கள்.

இப்போதைக்குத் தொழிலாளி தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது ஆதாரம். வருகைப் பதிவு, நள்ளிரவில் வந்த மின்னஞ்சல், அவமதித்த வாட்ஸ்அப் செய்தி, சம்பவம் நடந்த தேதி, மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். ஜப்பானியக் குடும்பங்கள் வென்றது இவற்றால்தான். மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் ஆதாரத்தைச் சேர்த்துவைப்பவர் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டே தொழில் நோய் அட்டவணையில் புதிய தொழில்களையும் அவற்றுக்குரிய நோய்களையும் சேர்க்கும் அதிகாரம் 1923 சட்டத்திலேயே அரசுகளுக்கு இருந்தது. புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. தண்டவாளத்தில் விழுந்தவரின் மேல் வண்டி ஏறிய கணத்தைச் சுமக்கும் ரயில் ஓட்டுநர், நெடுஞ்சாலை விபத்துகளில் சிதறியவர்களை அள்ளும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர், பட்டாசு ஆலையில் தப்பிப் பிழைத்தவர் ஆகியோரிலிருந்து தொடங்கலாம். பி.டி.எஸ்.டி.யை அட்டவணையில் சேர்க்கும் கோரிக்கையைத் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே எழுத்தில் வைக்க வேண்டும். அந்த அறிவிக்கையை முதலில் வெளியிடும் அரசாகத் தமிழ்நாடு இருக்க வேண்டும்.